ராஜாமணி எங்களுக்கு என்ன முறை

ஜூன் 2, ஞாயிறு

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறாள். மூக்குக் குழாய் வழியாக எத்தனை மணிக்கு என்ன கொடுத்தேன், வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, எல்லாம் எழுத வேண்டுமாம். ரேஷன் கடையில் பதினெட்டு வருஷமாக இருப்புப் பதிவேடு எழுதுகிறவளுக்கு இது ஒரு வேலையா? முன்பக்கத்திலிருந்து இங்கிலீஷில் கஞ்சிக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து தமிழில் என் புலம்பல். நர்ஸுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதி.

இன்றைக்கு லாட்ஜிலிருந்து வீடு மாறினோம். இவருக்கு நாக்கில் புற்று. ஏப்ரலில் பாதி நாக்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மதுரை டாக்டர், தன்னுடைய வாத்தியார் மும்பையில் இருக்கிறார் என்று கடிதம் கொடுத்து அனுப்பியதால் இந்த ஊர். நாளையிலிருந்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். முப்பது தடவை, சனி ஞாயிறு போக தினமும். நடுவில் விடக்கூடாது, விட்டால் அதுவரை வைத்ததும் வீண் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். கோவில்பட்டி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவருக்கு இதையெல்லாம் இரண்டாவது தடவை சொல்லத் தேவையில்லை. ஜூலை 12 என்று அப்போதே விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டார்.

வீடு நாலாவது மாடியில். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். தரகர் அந்தோணி பிடித்துக் கொடுத்தார். ஓனர் பெயர் ராஜாமணி, தூத்துக்குடிக்காரர், மஸ்கட்டில் இருக்கிறார். கட்டடம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தினுடையது. பதினொரு மாதத்துக்குக் குறைந்து யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது என்பது சங்கத்து விதி. ஆனால் ஓனரின் உறவினர்கள் வந்து தங்கலாம். ஆகையால் நாங்கள் உறவினர்கள்.

“ராஜாமணி உங்க வீட்டுக்காரருக்கு சித்தப்பா மகன், தம்பி முறை. உங்களுக்குக் கொழுந்தன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லணும், மறந்துராதீங்கக்கா” என்றார் அந்தோணி. கொழுந்தனை நான் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் படம் காட்டினார். மீசை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

கரண்ட் 1. ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

ஜூன் 6, வியாழன்

கரண்ட் 4. இவர் பேச்சு எனக்கே விளங்குவதில்லை. எழுதி அழிக்கிற பிள்ளைகள் சிலேட்டு ஒன்று வாங்கி வந்தேன். முதலில் எழுதியது, “கீழே வாட்ச்மேன் கடிகாரம் ஏழு நிமிஷம் பிந்தி ஓடுது.” நாக்குப் போனாலும் நக்கல் போகவில்லை.

சாயங்காலம் கதவைத் தட்டி ஒரு அம்மா வந்தார். பத்மாசனி மாமி, இரண்டாவது மாடி, இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். செயலாளர் என்றதும் கொழுந்தன் பாடத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டேன். அவரோ கையில் ரசத்தோடு நிற்கிறார். வடிகட்டிக் குழாயில் விடலாமா என்று கேட்டார். இந்தக் கட்டடத்தில் தமிழ் பேச ஆள் இல்லாமல் பன்னிரண்டு வருஷமாகிறதாம். அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். ராஜாமணியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தமிழ் தெரியாதவர்களிடம் பொய் சொல்வது சுலபம். இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்லப் போகிறேனோ.

ஜூன் 10, திங்கள்

கரண்ட் 6. கழுத்து கறுக்க ஆரம்பித்திருக்கிறது. எச்சில் நூல் நூலாக வருகிறது, துடைத்து மாளவில்லை. மாமி மறுபடி வந்து, என் பெயரைச் சுருக்கி “கனி” என்று கூப்பிட அனுமதி கேட்டார். சண்முகக்கனி என்று முழுசாகக் கூப்பிட எங்கள் ஊரிலேயே ஆள் கிடையாது, கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

கரண்ட் 10. மூன்றில் ஒரு பங்கு. காலையில் ஆறு மணிக்கே சட்டை மாட்டி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் நேரம் ஒன்பது நாற்பது. சீக்கிரம் போனால் சீக்கிரம் வைக்க மாட்டார்கள் என்று சொன்னால் கேட்பதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று சங்கத்தின் பொதுக்குழு. கீழே நாற்காலி போட்டு மூன்று மணி நேரம் கத்தினார்கள். மராத்தி, குஜராத்தி, இந்தி எல்லாம் நாலு மாடி ஏறி வந்தது. இரவுச் சமையலுக்கு முன்னால் மாமியே வந்து விவரம் சொன்னார்.

ஐந்தாறு வீடுகளில் இப்படி ‘உறவினர்கள்’ வந்து வந்து போகிறார்களாம். லிஃப்டில் எப்போதும் பெட்டியும் படுக்கையும். நேற்று யாரோ ரத்தப் பஞ்சைக் காய்கறிக் குப்பையில் போட்டு, குப்பை எடுக்கும் பெண்ணின் கை பட்டுவிட்டது. அது நாங்கள் இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. ஒரு நாள் அவசரத்தில் நானும் போட்டிருக்கிறேன். மாமியிடம் அதைச் சொல்லவில்லை.

தீர்மானம் இது. ஜூலை ஒன்றிலிருந்து, ஏழு நாளுக்கு மேல் தங்குகிற உறவினர்கள் என்ன முறை என்று எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி கொடுக்க வேண்டும். செயலாளர் நேரில் விசாரித்து, உண்மைதான் என்று பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். பொய்யென்றால் ஓனருக்கு அபராதம், ஆள் வெளியே. எழுதியது மாமிதான். நல்ல கட்டுக்கோப்பான வாசகம், ஒரு ஓட்டை இல்லை.

நான் கோபப்பட முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவள் நான். சிமெண்டில் வேலை பார்த்துப் பார்த்து ரேகை அழிந்துபோன ஒரு கொத்தனாரை, இயந்திரத்தில் கைரேகை விழவில்லை என்று மூன்று தடவை அரிசி இல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாலாம் தடவை அவர் வரவில்லை. விதின்னா விதி என்று அன்றைக்கு வாய் கிழியப் பேசினேன்.

ஜூன் 19, புதன்

கரண்ட் 13. வாய்க்குள் முழுக்கப் புண். தண்ணீர் விட்டால் துடிக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக் கஞ்சி முடிந்ததும் சிலேட்டை எடுத்து “போதும்” என்று எழுதினார். கஞ்சியா என்றேன். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 20, வியாழன்

காலையில் அதை அழித்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் 14. சாயங்காலம் மறுபடி “போதும்.”

ஜூன் 22, சனி

விடுமுறை. துணி துவைத்தேன், இந்த மழையில் எதுவும் காயவில்லை. தலையணை உறை நாலும் எச்சில் நாற்றம். மாமி தன் வீட்டு இயந்திரத்தில் போட்டு உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தலையணை உறைக்கு இஸ்திரி போடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

கரண்ட் 16. இளைய டாக்டர் ஒருத்தர் பாலக்காட்டுப் பக்கம், ஓரளவு தமிழ் பேசுகிறார். இவர் உள்ளே போனதும் அவரிடம் கேட்டேன், முப்பதும் முடித்தால் குணமாகிவிடுமா என்று. புற்று கழுத்துக் கட்டிவரை போயிருந்ததால் உறுதி சொல்ல முடியாது, நூற்றுக்கு நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் ஊரில் முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

கரண்ட் 17. கழுத்துத் தோல் உரிந்து சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுக்கும்போது இவர் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. பெரிய குரல் இவருக்கு. மைக் இல்லாமலேயே திருநெல்வேலி வண்டி, ராஜபாளையம் வண்டி என்று கூப்பிடுவார், பஸ் நிலையத்துக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் கேட்கும்.

சிலேட்டில் இன்று இரண்டு தடவை “போதும்.”

ஜூன் 26, புதன்

கரண்ட் 18. போனில் ஊருக்கு ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று சும்மா பார்த்தேன். திங்கட்கிழமை வண்டியில் இருக்கிறது.

நாளை மாமி உறுதிமொழிப் படிவத்தோடு வருகிறாராம். அந்தோணி போன் செய்து மறுபடி பாடம் ஒப்புவிக்கச் சொன்னார். சித்தப்பா மகன், தம்பி, கொழுந்தன். ஒப்பித்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்த்து ஒரு கையெழுத்து, அதோடு பன்னிரண்டாம் தேதிவரை நம்மை யாரும் கேட்கப் போவதில்லை என்று இவருக்கும் சொன்னேன். பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஜூன் 27, வியாழன்

கரண்ட் 19. வாய் தவறி ராஜாமணி அண்ணன் என்று சொல்லிவிட்டேன். மாமி கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான்.

ஜூன் 28, வெள்ளி

கரண்ட் 20.

நேற்று எழுதத் தெம்பில்லை. மாமி நேற்று நாலு மணிக்கு வந்தார். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். படிவத்தை மேஜையில் வைத்து, நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே நிரப்பினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஓனரிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று ஒரு கேள்வி. “ராஜாமணி அண்ணன் நேத்துதான் போன் போட்டாக” என்றேன்.

மாமி பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆத்துக்காரரோட தம்பி உனக்கு எப்படிக் கனி அண்ணா ஆவார்?”

இந்தக் கட்டடத்தில் எழுபத்திரண்டு குடும்பம் இருக்கிறது. எழுபத்தோரு வீட்டில் அதைக் காதிலேயே வாங்கியிருக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஆம்பளை என்றால் அண்ணன் என்று கூப்பிடுவது நமக்குப் பழக்கம். கொழுந்தனை எந்தப் பொம்பளையும் அப்படிக் கூப்பிட மாட்டாள். அவர் அண்ணன் என்றால் இவரும் எனக்கு அண்ணனாகிவிடுவாரே. பதினெட்டு வருஷமாகக் குடும்ப அட்டையைப் பார்த்துப் பார்த்து, யார் யாருக்கு என்ன முறை என்று வரிசையில் நிற்கும்போதே சொல்கிறவள் நான். ஒரு நாளும் தப்பியதில்லை.

அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? உள்ளதைச் சொன்னேன். மாமி படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவரிடம் இன்று மத்தியானம்தான் சொன்னேன். களைப்பில் வாய் தவறிவிட்டது, மாமி பிடித்துக்கொண்டார் என்று. என் கையைத் தட்டிக்கொடுத்தார். சிலேட்டில் “பரவாயில்ல. வேற இடம் பார்” என்று எழுதினார்.

ஜூன் 29, சனி

சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. திங்கள் பகல் பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டும். ராஜாமணி மஸ்கட்டிலிருந்து பேசினார். அபராதம் தனக்கு என்பதால் கத்துவார் என்று நினைத்தேன். மன்னிச்சுக்கோங்கம்மா என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி விடுதியில் பெயர் பதிந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் அறை. பக்கத்துக் கட்டடங்களிலும் இதே விதிதான். அந்தோணி வசாயில் ஒரு அறை இருக்கிறது என்றார். ரயிலில் ஒன்றரை மணி நேரம், இறங்கி ஆட்டோ. மூக்கில் குழாயோடு அந்தக் கூட்டத்தில் இவரை ஏற்றி இறக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு இடங்களில் கேட்டேன். வேறு எங்கே கேட்பது?

திங்கள் ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டேன். இவரிடம் சொன்னபோது விரலை மடக்கி மீதியை எண்ணினார். பிறகு, “மதுரையில மீதி வைப்பாங்களா?” மதுரை டாக்டரிடம் கேட்போம் என்றேன். ஊர் போய்ச் சேர இரண்டு நாள், அங்கே புதிதாக அளவெடுத்து, கரண்ட் வைக்கும்போது முகத்தில் மாட்டுகிற முகமூடி செய்து, தேதி வாங்கி. விட்டால் வைத்ததும் வீண் என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

மத்தியானம் மாமி வந்தார். வழிக்கு எனக்குப் புளியோதரை, இவருக்கு வடிகட்டிய பருப்புத் தண்ணீர் பிளாஸ்கில். முகம் வீங்கியிருந்தது. இவர் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். மாமி நின்றபடியே அழுதுவிட்டார்.

“நான் வழி வெச்சேனே கனி. கொழுந்தன்னு சொல்ல வந்து வாய் தவறிடுத்து, அப்படித்தானேன்னு நான்தானே உனக்கு எடுத்துக் கொடுத்தேன்? ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கண்ணை மூடிண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். இல்ல மாமி, அவர் யாருன்னே எங்களுக்குத் தெரியாதுன்னு நீயே உடைச்சுச் சொன்னப்புறம் நான் எப்படிப் போடுவேன்?”

இவருக்கு இது தெரியாது என்பது மாமிக்குத் தெரியாது. இவர் மாமியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மாமி போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் துணி மடித்தேன். மடிக்க அவ்வளவு துணி இல்லை.

நோட்டில் நான் எழுதாமல் விட்டதை மாமி சொல்லிவிட்டார். இனி எழுதலாம். அண்ணன் என்று வந்தது வாய் தவறித்தானா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் மாமி வழி வைத்தது நிஜம். ஆமாம் மாமி என்ற இரண்டு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது உள்ளே இவர் தூக்கத்தில் முனகினார். இன்னும் பதினொரு தடவை அந்தச் சட்டைக் காலரை நான்தானே பிரித்து எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நூற்றுக்கு நாற்பது என்றும் நினைத்தேன். முடியவில்லை. என்னால் முடியவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றால் அது யார் குற்றமும் இல்லை, விதி. விதியின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் என் பிழைப்பு.

நாலு மணிக்கு இவர் சிலேட்டை எடுத்தார்.

“பத்துதானே பாக்கி.”

“நீங்கதான தினமும் சாயங்காலம் போதும் போதும்னு எழுதுனீக” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கொஞ்சம் சண்டைக்காரிதான் நான்.

அதை அழித்துவிட்டு, நிதானமாக எழுதினார். எழுதி என் பக்கம் திருப்பினார்.

“வலிச்சா உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்ல?”

உடனே அந்தோணிக்குப் போன் போட்டேன். வசாய் அறை காலையிலேயே வேறு ஆளுக்குப் போய்விட்டது, அவரும் அசாமிலிருந்து வந்த நோயாளிதான் என்றார். மாமி வீட்டுக்குப் படியிறங்கி ஓடினேன். அவர் வீட்டிலேயே பன்னிரண்டு நாள் இருக்கட்டுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். செயலாளர் வீட்டிலேயே அதைச் செய்தால் நாளைக்கு யாரை நான் கேட்க முடியும் என்றார். பிறகு, வீடு என் பிள்ளை பேரில் இருக்கிறது, அவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ராத்திரிச் சமையல் முடியும் வரைக்கும் காத்திருந்தேன். போன் வந்தது. பிள்ளை வேண்டாம் என்றானாம். இந்தத் தடவை அவர் அழவில்லை, நானும் அழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருக்கிறார்களே, அப்படி இருந்துவிடலாம் என்று இவர் எழுதினார். ஜன்னலைத் திறந்து மழையைக் காட்டினேன். முழங்கால் அளவு தண்ணீர். கழுத்தில் திறந்த புண். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டு இவரே ஜன்னலைச் சாத்தினார்.

ஜூலை 1, திங்கள்

ரயில் ராத்திரிதான். ஆனாலும் ஆறு மணிக்குச் சட்டை மாட்டி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டிகளை வாட்ச்மேனிடம் வைத்துவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. விலகியும் நடக்கவில்லை.

சரியாக ஒன்பது நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். கரண்ட் 21.

வெளியே வந்ததும், கருவியை இயக்குகிற பையன் வழக்கம்போல் நாளைக்கான சீட்டை எழுதி நீட்டினான். செவ்வாய், ஒன்பது நாற்பது. நாங்கள் இன்றோடு போகிறோம் என்று அவனிடம் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இவர் என்னைப் பார்க்கவில்லை. சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, நேரத்தை ஒரு தடவை படித்து, தலையை ஆட்டிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.